சென்னை வடிநிலத்துக்கு எந்த மழைக் கணக்கு? தெருவுக்கு ஒன்று, ஏரிக்கு வேறு

சென்னையில் ஒரு மழைநீர் வடிகாலுக்கு எவ்வளவு மழையைக் கணக்கில் எடுக்கலாம் என்று நான்கு ஆலோசகர்களைக் கேட்டால் நான்கு எண் வரும். நால்வரும் நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தின் தரவைத்தான் வைத்திருப்பார்கள். நால்வரும் 5 ஆண்டு மீள்வரவுக் காலம், அதாவது சராசரியாக 5 ஆண்டுக்கு ஒருமுறை எட்டும் அல்லது தாண்டும் மழை, என்றுதான் சொல்வார்கள். ஒருவர் ஆண்டு உச்ச மழைக்குக் கம்பெல் பரவலைப் பொருத்தியிருப்பார்; பரவல் என்பது எவ்வளவு மழைக்கு எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் நிகழ்தகவு வளைவு. இன்னொருவர் மூன்று அளவுரு கொண்ட ஜி.இ.வி. (பொது உச்சமதிப்பு) பரவலை எடுத்திருப்பார். மூன்றாமவர் ஒரு வரம்பைத் தாண்டிய மழை எல்லாவற்றையும் திரட்டிப் பரேட்டோ பரவலுக்குள் வைத்திருப்பார். நான்காமவர் சுற்றியுள்ள நிலையங்களையும் சேர்த்து எல்-மொமென்ட் (வரிசைப்படுத்திய தரவிலிருந்து பரவலின் அளவுருக்களைக் கணிக்கும் முறை) போட்டிருப்பார்.

இவற்றில் எது சரி என்ற வாதம் அறிக்கைகளில் பக்கம் பக்கமாக ஓடுகிறது. தெரு வடிகாலைப் பொறுத்தவரை அந்த வாதத்துக்கு அவ்வளவு இடம் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. எத்தனை நிமிட மழையை எடுத்தோம், அதை எந்தப் பதிவிலிருந்து எடுத்தோம் என்பவைதான் வடிகாலின் அகலத்தைத் தீர்மானிக்கின்றன. பரவலின் பெயருக்குக் கனம் கூடுவது ஏரி, ஆறு என்று போகும்போதுதான்.

தண்ணீர் வந்து சேர எத்தனை நிமிடம்

வேளச்சேரி, மடிப்பாக்கம் போன்ற தட்டை நிலத்தில் 10 ஹெக்டேர் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளம் 1,500 மீட்டர், சரிவு ஆயிரத்துக்கு ஒன்று. கிர்பிச் வாய்பாட்டில் போட்டால் கடைக்கோடித் தண்ணீர் வாய்க்கு வர 78 நிமிடம் ஆகும். அதே தூரத்தைக் கான்கிரீட் வடிகாலில் வினாடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் கடந்தால் 31 நிமிடம். வீட்டுக்கூரையிலிருந்து வடிகால் வாய் வரை 10 நிமிடம் சேர்த்தால் 41. கிர்பிச் தன் வாய்பாட்டை 1940-ல் அமெரிக்காவின் டென்னஸியில், 3 முதல் 10 சதவீதம் சரிவுள்ள சிறிய விவசாய நிலங்களை வைத்து எழுதினார். சென்னைத் தெருவுக்கும் அதற்கும் உறவு கிடையாது. ஆனாலும் விரிதாளில் அதுதான் முதலில் உட்கார்ந்திருக்கும்.

இந்த ஒரு தேர்வு எவ்வளவு இழுக்கும் என்று பாருங்கள். மழைச்செறிவு கால அளவின் மூன்றில் இரண்டு அடுக்குக்குத் தலைகீழாகக் குறையும் என்று வைத்தால், 78 நிமிடத்துக்குப் பதில் 41 நிமிடம் எடுக்கும்போது செறிவு 53 சதவீதம் கூடுகிறது. 78 நிமிடச் செறிவு மணிக்கு 100 மி.மீ., வழிந்தோடும் விகிதம் 0.8 என்றால் வரும் நீர் வினாடிக்கு 2.2 கன மீட்டர். 41 நிமிடத்துக்கு அது 3.4 ஆகிறது. வேகம் 0.8 மீட்டராக இருக்க, முதலாவதற்கு 2.8 சதுர மீட்டர் வெட்டுப்பரப்பு போதும், இரண்டாவதற்கு 4.3 வேண்டும். மின்கம்பி, குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் எல்லாம் போன பிறகு அவ்வளவு இடம் எந்தத் தெருவிலும் மிச்சமிருக்காது. எனவே பிரச்சினை பரவலுக்கு வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

ஆகவே வேலையை முதலில் கால அளவால் பிரியுங்கள். தெரு வடிகாலுக்கு 15 முதல் 60 நிமிடம். ஓட்டேரி நல்லா, விருகம்பாக்கம்–அரும்பாக்கம் கால்வாய் போன்றவற்றுக்கு 1 முதல் சில மணி நேரம். அடையாறு, கொசஸ்தலையாறு, செம்பரம்பாக்கம் என்றால் 24 முதல் 72 மணி நேரம். அதற்கு முந்தைய வாரங்களின் மழையும் சேர வேண்டும். மீள்வரவுக் காலமும் இதோடு நகரும். மத்திய அரசின் 2019-ஆம் ஆண்டு மழைநீர் வடிகால் கையேடு பெருநகரங்களின் மையக் குடியிருப்புகளுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழையையும், புறப்பகுதிகளுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை வருவதையும், விமான நிலையம் போன்ற முக்கியக் கட்டமைப்புக்கு 100 ஆண்டு மழையையும் சொல்கிறது. 5 ஆண்டு வடிகால் 30 ஆண்டு உழைக்கும் என்றால் அதற்குள் ஒருமுறையேனும் நிரம்பி வழிவது ஏறத்தாழ நிச்சயம், 99.9 சதவீதம். 100 ஆண்டு மழைக்குக் கட்டியதற்கே 30 ஆண்டில் 26 சதவீத வாய்ப்பு உண்டு. இதை மக்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பது வேறு கதை.

பதிவைக் கழுவாமல் பொருத்தக் கூடாது

இந்திய வானிலைத் துறையின் ஒரு நாள் மழை என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. மேகத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது. நள்ளிரவில் தொடங்கி மறுநாள் நண்பகல் வரை கொட்டிய மழை இரண்டு நாளாகப் பிளந்துவிடும். அதனால் ஒரு நாள் உச்சத்தை எந்த 24 மணி நேரத்துக்கும் உரிய உச்சமாக மாற்ற 1.13-ஆல் பெருக்குவது வழக்கம். 15 நிமிட இடைவெளிப் பதிவிலிருந்து 15 நிமிட உச்சம் எடுத்தாலும் அதே திருத்தம் வேண்டும். நான்கு இடைவெளியைக் கூட்டி 60 நிமிடம் எடுத்தால் 2 அல்லது 3 சதவீதம் போதும். நடைமுறையில் நடக்கும் தவறு: நாள் மழைக்கு 1.13 போட்டுவிட்டு, நிமிடப் பதிவை அப்படியே விட்டுவிடுவது. பிறகு இரண்டையும் ஒரே வளைவில் இணைத்தால் 1 மணிக்கும் 24 மணிக்கும் இடையில் ஒரு போலி முழங்கை முளைக்கும்.

பழைய தானியங்கி மழைமானி சைபன் வகை. 10 மி.மீ. நிரம்பியதும் தானே காலியாகும். காலியாகும் சில வினாடிகளில் விழும் மழை கணக்கில் வராது. மணிக்கு 120 மி.மீ. மழையில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அது காலியாகிறது. பேனா மை கலைவதும், கடிகாரம் நிற்பதும், தாள் நனைந்து கிழிவதும் பெருமழை நாளில்தான். எனவே விடுபட்ட நாள்களைச் சுழியம் என்று எடுத்துக்கொள்வது மிக மோசமான தேர்வு. அந்த நாளில் பக்கத்திலுள்ள சாதாரண மழைமானி என்ன காட்டியது என்று பாருங்கள். அது பெருமழை நாள் என்றால் அந்த ஆண்டின் நிமிட உச்சத்தையே விட்டுவிடுவது நல்லது. புதிய டிப்பிங் பக்கெட் மானிகளும் வாளி கவிழும் நேரத்தில் நீரை இழக்கின்றன. மணிக்கு 100 மி.மீ.-க்கு மேல் போகும்போது இந்தக் குறை பெரிதாகும். நிலையத்தின் அளவுத்திருத்தச் சான்றிதழ் எந்தச் செறிவு வரை என்று கேட்டு வாங்குங்கள்.

ஆண்டு எங்கே முடிகிறது என்பதும் ஒரு தேர்வுதான். ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று வெட்டினால் வடகிழக்குப் பருவமழையின் வாலை வெட்டுகிறோம். 2021 டிசம்பர் 30 அன்று நகரைச் சில மணி நேரத்தில் மூழ்கடித்த மழை ஆண்டுக் கடைசியில்தான் வந்தது. ஜூன் 1 முதல் மே 31 வரையிலான நீர் ஆண்டு சென்னைக்குப் பொருந்தும்.

பெரிய எண்ணைப் பிழை என்று தூக்கி எறிவது இன்னொரு நோய். நுங்கம்பாக்கத்தில் 1976 நவம்பர் 25-ல் பதிவான மழை 45 செ.மீ. 1846 அக்டோபர் 21-ல் மெட்ராஸ் வானாய்வகத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.-க்கு மேல் பெய்தது. மென்பொருளின் விலகல் சோதனை 1976-ஐச் சிவப்பில் காட்டும். காட்டட்டும். அது எழுத்துப் பிழையா என்று மட்டும் சரிபாருங்கள். இல்லையென்றால் அது தரவு.

கம்பெல், ஜி.இ.வி.: எங்கே பிரிகின்றன

கணக்கை விளக்க ஒரு கற்பனைத் தொடரை எடுப்போம். 40 ஆண்டு, ஒரு நாள் உச்ச மழையின் சராசரி 150 மி.மீ., இரண்டாம் எல்-மொமென்ட் (சிதறலின் அளவு) 37, எல்-கோட்டம் (ஒருபக்கச் சாய்வின் அளவு) 0.25. இவை நுங்கம்பாக்கத்தின் எண்கள் அல்ல. பக்கத்தில் வைத்துப் பார்க்க வசதியான எண்கள்.

| மீள்வரவுக் காலம் | கம்பெல் | ஜி.இ.வி. |
|---|---|---|
| 5 ஆண்டு | 199 மி.மீ. | 194 மி.மீ. |
| 25 ஆண்டு | 290 மி.மீ. | 300 மி.மீ. |
| 100 ஆண்டு | 365 மி.மீ. | 407 மி.மீ. |

5 ஆண்டில் வேறுபாடு 5 மி.மீ. அதே 40 ஆண்டுத் தொடரில் 5 ஆண்டு மதிப்பின் மாதிரிப் பிழை கூட்டல் கழித்தல் 30 மி.மீ. அளவில் இருக்கும், 95 சதவீத நம்பிக்கைக்கு. எனவே தெரு வடிகாலுக்குக் கம்பெல்லா ஜி.இ.வி.-யா என்று சண்டை போடுவது அந்த 30-க்குள் அடங்கிப் போகும். 100 ஆண்டில் கதை வேறு: இடைவெளி 42 மி.மீ. அதையும் தலைகீழாகக் கேட்டுப் பாருங்கள். இதே தொடரில் 450 மி.மீ. மழை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை? கம்பெல் 490 என்கிறது, ஜி.இ.வி. 165 என்கிறது. ஏரிக்கரையின் பாதுகாப்பைத் தீர்மானிக்கும்போது இந்த இரண்டும் வெவ்வேறு முடிவுகள். 1846, 1976 என்று 200 ஆண்டுக்குள் இரண்டு முறை அந்த அளவைத் தொட்ட அல்லது தாண்டிய ஊரில், மெல்லிய வால் கொண்ட, அதாவது மிக அரிய பெருமழைக்குக் குறைந்த வாய்ப்பே தரும், கம்பெல்லை 100 ஆண்டுக்கு மேல் நம்புவது துணிச்சல்தான்.

கம்பெல் என்ற ஒரே பெயருக்குள்ளேயே இரண்டு விடை ஒளிந்திருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சராசரி 150, திட்டவிலக்கம் 70 என்று வைத்து மொமென்ட் முறையில் போடுவோம். சராசரியோடு திட்டவிலக்கத்தின் எத்தனை மடங்கைக் கூட்டுவது என்பதுதான் காரணி. முடிவிலா மாதிரிக்கான 100 ஆண்டுக் காரணி 3.137, விடை 370 மி.மீ. நம் பொறியியல் பாடநூல்களில் உள்ள மாதிரி அளவு அட்டவணையை, அதாவது 40-க்கு 0.5436, 1.1413 என்ற மதிப்புகளை, எடுத்தால் காரணி 3.554 ஆகி விடை 399. இரண்டு அறிக்கையிலும் "கம்பெல் முறைப்படி" என்றுதான் எழுதியிருக்கும். எந்த வாய்பாடு என்று ஒரு வரி எழுதச் சொன்னால் இந்த 29 மி.மீ. குழப்பம் தீரும்.

ஜி.இ.வி.-யின் ஆபத்து, வால் எவ்வளவு கனம் என்று தீர்மானிக்கும் வடிவ அளவுரு. 30, 40 ஆண்டுத் தரவில், கையிலுள்ள தரவுக்கு மிக அதிக வாய்ப்பு தரும் அளவுருவைத் தேடும் பெரும நிகழ்தகவு முறை சில நேரம் அதை 0.4 என்றும் மைனஸ் 0.3 என்றும் அபத்தமாகக் கொண்டுவந்து நிறுத்தும். முன்னதில் 100 ஆண்டு மழை வானளவு உயரும். பின்னதில் மழைக்கு ஒரு மேல்வரம்பு முளைத்து, அதை ஏற்கெனவே பெய்த மழை கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டிருக்கும். உலகெங்கும் 15,000-க்கு மேற்பட்ட நிலையங்களின் நாள் மழையை வைத்து 2013-ல் வந்த ஆய்வில் இந்த அளவுருவின் சராசரி 0.11 அளவில் இருந்தது. எனவே 50 ஆண்டுக்குக் குறைந்த தரவுக்கு எல்-மொமென்ட் எடுங்கள், அல்லது வடிவ அளவுருவை 0.1-ஐச் சுற்றிக் கட்டுப்படுத்தும் முன்னனுமானத்தோடு பொருத்துங்கள்.

ஒரு சின்னக் கண்ணி: இந்த அளவுருவின் குறி மென்பொருளுக்கு மென்பொருள் மாறுகிறது. பைதான் நிரல்மொழியின் சைபை நூலகத்தில் ஜென்எக்ஸ்ட்ரீம் என்ற ஜி.இ.வி. எதிர்க்குறியில் எழுதப்பட்டிருக்கிறது, அங்கே மைனஸ் 0.12 என்றால் கனத்த வால். அதே நூலகத்தின் ஜென்பரேட்டோ நேர்க்குறியில் இருக்கிறது. ஒன்றின் விடையை மற்றொன்றில் ஒட்டினால் பிழைச்செய்தி எதுவும் வராது. 100 ஆண்டு மழை மட்டும் சத்தமில்லாமல் குறைந்துவிடும்.

நாள் மழையிலிருந்து நிமிட மழைக்கு

நிமிடப் பதிவு இல்லாதபோது எல்லோரும் எடுப்பது வானிலைத் துறையின் மூன்றிலொரு பங்கு அடுக்கு விதி: எந்தக் கால அளவின் மழையும், 24 மணி மழையை அந்தக் கால அளவுக்கும் 24-க்கும் உள்ள விகிதத்தின் கனமூலத்தால் பெருக்கியது. 3 மணிக்குப் பாதி, 1 மணிக்கு 0.347, 15 நிமிடத்துக்கு 0.218. மேலே வந்த 199-ஐ 1.13-ஆல் பெருக்கி 225 என்று எடுத்தால், 1 மணி நேரத்துக்கு 78 மி.மீ., 15 நிமிடத்துக்கு 49 மி.மீ. கடைசி எண் மணிக்கு 197 மி.மீ. செறிவு. 5 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்கு அது உயரமான எண். நிமிடப் பதிவோடு ஒட்டிப் பார்க்காமல் வரைபடத்தில் ஏற்றக் கூடாது.

விதியின் குறை இரண்டு இடத்தில் இருக்கிறது. கால அளவு குறையக் குறையச் செறிவு கட்டுப்பாடின்றி ஏறுகிறது. உண்மையான வளைவுகள் சில நிமிடத்தில் தட்டையாகும், அதனால்தான் ஐ.டி.எஃப். (செறிவு–கால அளவு–மீள்வரவு) வாய்பாட்டில் கால அளவோடு ஒரு மாறிலியைக் கூட்டிப் பிறகு அடுக்கில் ஏற்றுவார்கள். சென்னைக்கு இதைவிடப் பெரியது இரண்டாவது குறை. 100 ஆண்டு மழை 5 ஆண்டு மழையைப் போல் எத்தனை மடங்கு என்பது எல்லாக் கால அளவுக்கும் ஒன்றே என்று விதி கட்டாயப்படுத்துகிறது. இங்கே 24 மணி மழையைத் தருவது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் எழும் தாழ்வு மண்டலமும் புயலும். அரை மணி மழையைத் தருவதில் ஜூன் முதல் செப்டம்பர் வரை உள்நாட்டில் எழுந்து மாலையில் கடற்கரைக்கு வரும் இடிமழைக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டும் வேறு இயந்திரம். புயலின் 24 மணி வாலை எடுத்து இடிமழையின் 15 நிமிடத்துக்கு மாட்டிவிடுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

அதனால் ஒவ்வொரு கால அளவுக்கும் ஆண்டு உச்சம் எந்த மாதத்தில் விழுந்தது என்று ஒரு பட்டை வரைபடம் போடுங்கள். பத்து நிமிட வேலை. 15 நிமிட உச்சங்களில் கணிசமானவை தென்மேற்குப் பருவத்தில் விழுந்தால், இரு பருவத்தின் உச்சங்களையும் தனித்தனியே பொருத்தி, ஒரு மழை அளவைத் தாண்டாத நிகழ்தகவுகளைப் பெருக்குங்கள். அதுதான் முழு ஆண்டுக்குரிய நிகழ்தகவு. பருவம் தெளிவாகப் பிரியும் என்று நம்பி விட்டுவிடவும் கூடாது: 1996 ஜூன் நடுவில் நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 30 செ.மீ.-க்கு மேல் பெய்தது. தென்மேற்குப் பருவத்தின் வாலும் நீளமானதுதான்.

நிமிடப் பதிவு இருந்தால் ஒவ்வொரு கால அளவுக்கும் தனியாகப் பொருத்திப் பிறகு வளைவை வரைவது வழக்கம். 50 ஆண்டுக்கு மேல் போனதும் வளைவுகள் ஒன்றை ஒன்று வெட்டும். 30 நிமிட மழையைவிட 45 நிமிட மழை குறைவு என்ற விடைகூட வரும். அளவுருக்களைக் கால அளவின் சார்பாக வைத்து, எல்லாக் கால அளவையும் ஒரே நேரத்தில் பொருத்தும் ஜி.இ.வி. இந்தத் தலைவலியைத் தவிர்க்கும். கால்வாய் வேலைக்கு எங்கள் தேர்வு அதுதான்.

வரம்பு மீறல் முறை

மூன்றாம் ஆலோசகரின் முறை இது: ஒரு வரம்பைத் தாண்டிய மழை எல்லாவற்றையும் எடுப்பது. ஆண்டு உச்ச முறை ஆண்டுக்கு ஓர் எண்ணைத்தான் எடுக்கும். 2015-ல் டிசம்பர் 1 மழையை எடுத்துக்கொண்டு, நவம்பர் நடுவில் நகரை நிறுத்திவைத்த மழையைக் கீழே போட்டுவிடும். பருவமழை பொய்த்த 2018-லிருந்தும் ஒரு சுமாரான எண்ணை உச்சம் என்று ஏற்கும். 100 ஆண்டுக் கணக்குக்கு இது பெரிதில்லை. 2 ஆண்டு மழைக்கு இது அடிப்படைப் பிழை. வரம்பு மீறல் கணக்கில் சராசரியாக 2 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழை, ஆண்டு உச்சக் கணக்கில் 2.54 ஆண்டு மழை. அதாவது புறநகர் வடிகாலுக்கு ஆண்டு உச்சத்திலிருந்து 2 ஆண்டு மதிப்பை எடுத்தால், மக்கள் உணரும் 2 ஆண்டுக்கு ஒருமுறை என்பதைவிடச் சிறிய மழைக்குக் கட்டுகிறோம். 5 ஆண்டுக்கு இது 5.52, 10-க்கு 10.5. மேலே போகப் போக வேறுபாடு மறைகிறது.

நிமிடப் பதிவு 12, 15 ஆண்டுதான் இருக்கும் இடத்தில் இந்த முறைக்கு இன்னொரு பலம்: ஆண்டுக்கு மூன்று நிகழ்வு எடுத்தால் 15 எண் 45 ஆகிறது. செய்முறை இப்படி. கால அளவுக்கு ஒரு நகரும் சாளரம் வைத்து மழையைக் கூட்டுங்கள். 60 நிமிடம் வரையிலான கால அளவுக்கு இரண்டு நிகழ்வுக்கு இடையில் குறைந்தது 6 மணி நேர இடைவெளி, 24 மணிக்குக் குறைந்தது 3 நாள்; தாழ்வு மண்டலம் இரண்டு மூன்று நாள் நின்று பெய்யும் ஊரில் இதைக் குறைத்தால் ஒரே மழை மூன்றாக எண்ணப்படும். வரம்பை ஆண்டுக்கு 2 முதல் 4 நிகழ்வு தேறுமாறு வைத்து, சற்று ஏற்றியும் இறக்கியும் வடிவ அளவுரு நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள். வரம்பைக் கொஞ்சம் நகர்த்தினாலே 5 ஆண்டு மதிப்பு 10 சதவீதம் ஆடினால், தரவு போதாது. அப்போது வடிவ அளவுருவைச் சுழியமாக வைத்து எக்ஸ்பொனென்ஷியல் பரவலோடு நின்றுகொள்வதே நாணயம்.

இந்த முறை, நிகழ்வுகள் ஆண்டுக்கு ஆண்டு பாய்சான் முறையில், அதாவது ஒன்றையொன்று சாராமல், சிதறும் என்று கொள்கிறது. ஆண்டு எண்ணிக்கையின் மாறுபாட்டைச் சராசரியால் வகுத்துப் பாருங்கள். 1-ஐ ஒட்டி வர வேண்டும். சென்னையில் நல்ல வடகிழக்குப் பருவத்தில் நிகழ்வுகள் குவிந்து, பொய்த்த ஆண்டில் எதுவுமே இல்லாமல் போகும். விகிதம் 1-ஐத் தாண்டினால் நம்பிக்கை இடைவெளியை அகலமாக்க வேண்டும். ஆண்டுகளைத் தொகுதியாக எடுக்கும் பூட்ஸ்ட்ராப் (தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துக் கணக்கிடுவது) அதற்குப் போதும். 15 ஆண்டுப் பதிவை வைத்து இந்த முறையில் 100 ஆண்டு மழை எழுதுபவரிடம் மட்டும் கவனமாக இருங்கள்.

வட்டார முறை

2015 டிசம்பர் 2 காலை 8.30-ல் முடிந்த 24 மணியில் நுங்கம்பாக்கம் 29 செ.மீ., மீனம்பாக்கம் 34, செம்பரம்பாக்கம் 47, தாம்பரம் 49. ஒரே மழை, சில பத்து கிலோமீட்டருக்குள். நுங்கம்பாக்கத்தை மட்டும் வைத்துப் பொருத்தியவருக்கு அது பெருமழை. தாம்பரத்தை வைத்தவருக்குத் தொடரையே புரட்டிப் போட்ட மழை. எந்த மானியின் மேல் மேகம் நின்றது என்பது அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்தைச் சமன்செய்வதுதான் வட்டார முறையின் வேலை.

பூண்டி, சோழவரம், செங்குன்றம், தாமரைப்பாக்கம், செம்பரம்பாக்கம், பூந்தமல்லி, தாம்பரம், மீனம்பாக்கம், நுங்கம்பாக்கம் என்று நிலையங்களைத் திரட்டி, ஒவ்வொன்றின் ஆண்டு உச்சத்தையும் அதன் சராசரியால் வகுத்து, எல்-மொமென்ட் விகிதங்களைப் பதிவின் நீளத்துக்கேற்ற எடையோடு சேர்க்க வேண்டும். மற்ற நிலையங்களிலிருந்து ஒன்று எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் பொருந்தாமை அளவு 3-ஐத் தாண்டிய நிலையத்தின் மூலப் பதிவேட்டைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் அங்குலம்–மி.மீ. குழப்பமோ தசமப் புள்ளியோ கிடைக்கும். நிலையங்கள் குறைவாக இருந்தால் இந்த எல்லையும் குறையும். நிலையங்கள் தமக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் பன்முகத்தன்மை அளவு 1-க்குக் கீழ் என்றால் ஒரே வட்டாரம் என்று கொள்ளலாம், 2-க்கு மேல் என்றால் பிரிக்க வேண்டும். கடலோரம், உள்நாடு என்று பிரிப்பது முதல் முயற்சிக்கு ஏற்றது.

ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒன்பது நிலையம் 40 ஆண்டு என்றால் 360 ஆண்டுத் தரவு என்று அறிக்கையில் எழுதுவார்கள். ஒரே தாழ்வு மண்டலம் ஒன்பதின் உச்சத்தையும் ஒரே நாளில் தருகிறது. பயனுள்ள தகவல் அதில் ஒரு பகுதிதான். பன்முகத்தன்மைச் சோதனையும் இந்தத் தொடர்பால் இருக்க வேண்டியதைவிடச் சாதகமாகக் காட்டும். நிலையங்களுக்கு இடையிலான தொடர்பைக் காக்கும்படி ஆண்டு ஆண்டாக எடுத்துப் பூட்ஸ்ட்ராப் செய்தால் நம்பத்தக்க இடைவெளி கிடைக்கும்.

கட்டத் தரவையும் செயற்கைக்கோள் தரவையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வானிலைத் துறையின் கால் டிகிரி கட்டத் தரவில் ஒரு கட்டம் ஏறத்தாழ 27 கி.மீ.; மாநகரின் பெரும்பகுதி ஒன்றிரண்டு கட்டத்துக்குள் அடங்கி உச்சம் சராசரியில் கரையும். அரை மணி செயற்கைக்கோள் மழை ஆற்றுப்படுகை முழுவதும் எப்படிப் பரவியது என்று பார்க்க உதவும். தெரு வடிகாலின் செறிவுக்கு அதைத் தொடாதீர்கள்.

காலநிலைப் போக்கைச் சேர்ப்பதா

ஜி.இ.வி.-யின் இட அளவுருவை (பரவல் முழுவதையும் மேலும் கீழும் நகர்த்துவது) ஆண்டோடு ஏறவிட்டுப் பொருத்துவது இப்போது நாகரிகம். 40 ஆண்டுத் தொடரில் திட்டவிலக்கம் 70 என்றால், போக்கின் நியமப் பிழை ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. 40 ஆண்டில் கூட்டல் கழித்தல் 77 மி.மீ.-க்குள் எது வேண்டுமானாலும் இருக்கலாம். காற்று 1 டிகிரி சூடானால் அது தாங்கும் ஈரம் 7 சதவீதம் கூடும். அந்த அளவு மாற்றம், 150-இல் 10 மி.மீ., இந்தச் சத்தத்துக்குள் காதில் விழாது. ஏறுமுகம் கிடைத்தாலும் இறங்குமுகம் கிடைத்தாலும் அது 2015-ஆம் ஆண்டுப் பெருமழை, தொடரின் எந்த முனையில் விழுந்தது என்பதைத்தான் பெரும்பாலும் சொல்கிறது. எனவே நிலையான மாதிரியைப் பொருத்தி, முடிவை 10, 20 சதவீதம் கூட்டி வடிகால் எங்கே வழிகிறது என்று பார்ப்பது மேல்.

எந்த வேலைக்கு எது

தெரு வடிகாலுக்கு, அருகிலுள்ள தானியங்கி நிலையத்தின் 15 நிமிடப் பதிவும் வரம்பு மீறல் முறையும். அந்தப் பதிவு 10 ஆண்டுக்குக் குறைந்தால் மூன்றிலொரு பங்கு விதிக்குத் திரும்ப வேண்டியிருக்கும். அப்போதும் இருக்கிற சில ஆண்டு நிமிட உச்சங்களை வைத்து அடுக்கைத் திருத்துங்கள். கால்வாய்க்கு, எல்லாக் கால அளவையும் சேர்த்துப் பொருத்தும் ஜி.இ.வி., அதுவும் பருவம் பிரித்து. வடிநிலம் பெரிதாகும்போது ஒரு மானியின் எண்ணைப் பரப்பு முழுவதற்கும் போடாமல் குறைப்புக் காரணியைச் சேர்க்க வேண்டும். கால அளவு குறுகியதாக இருந்தால் குறைப்பு அதிகம்.

அடையாறு, கொசஸ்தலையாறு, ஏரிகளுக்கு வட்டார எல்-மொமென்ட், ஜி.இ.வி., 1 முதல் 3 நாள் மழை. அங்கும் மழையின் மீள்வரவுக் காலமே வெள்ளத்தின் மீள்வரவுக் காலம் ஆகிவிடாது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கம் பாதி காலியாக இருக்கும்போது வரும் 30 செ.மீ. வேறு, நவம்பர் முழுவதும் பெய்து நிரம்பி நிற்கும்போது வரும் 30 செ.மீ. வேறு. 2015 டிசம்பர் 1 இரவு வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது அந்த இரண்டாவது நிலையில். எனவே ஏரியின் தொடக்க நீர்மட்டத்தையும் ஒரு சீரற்ற மாறியாக வைத்துப் பருவம் முழுவதையும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஒப்பந்தப் புள்ளியின் நிபந்தனையில் கால அளவு, பதிவின் ஆண்டுகள், நீர் ஆண்டின் தொடக்கம், திருத்தக் காரணி, பொருத்திய முறை, 95 சதவீத இடைவெளி ஆகியவற்றை எண்ணோடு சேர்த்துக் கேளுங்கள். வடிகால் வாயில் எந்த நீர்மட்டத்தை வைத்தார்கள் என்பதையும் கேளுங்கள். முகத்துவாரத்தில் மணல்திட்டு அடைத்திருந்து, புயல் கடலைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது கூவத்திலோ அடையாற்றிலோ வடிகால் விழும் இடத்தில் மட்டம் உயர்ந்திருக்கும். வடகிழக்குப் பருவத்தின் பெருமழையும் உயர்ந்த கடல்மட்டமும் ஒரே தாழ்வு மண்டலத்தின் பிள்ளைகள் என்பதால், இரண்டின் நிகழ்தகவையும் தனித்தனி என்று பெருக்கி விடை எழுதியிருந்தால் அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்பலாம்.